இரண்டாவது குழந்தைக்குத் திட்டமிடும்போது உடல் எடையைச் சரிசெய்வது எப்படி?

முதல் குழந்தை எந்தச் சிரமமும் இல்லாமல் உண்டாகியிருக்க, இரண்டாவது குழந்தைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் பெண்ணிடம் வீட்டார் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: அப்போது உடனே தங்கியதே, இப்போது மட்டும் ஏன் தள்ளிப்போகிறது? முதல் பிரசவத்துக்குப் பிறகு மூன்று நான்கு ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில் பெண்ணின் வயது, எடை, தூக்கம், தைராய்டு, கணவரின் உடல்நிலை என்று பலவும் மாறியிருக்கும். இவற்றுள் வயதை நம்மால் மாற்ற முடியாது. எடையை ஓரளவுக்கு மாற்றலாம். அதனால்தான் இரண்டாவது குழந்தைக்குத் திட்டமிடுவோர் எடையிலிருந்து தொடங்குவது பயனுள்ளது. எடை மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிட்டு மற்றவற்றைப் பார்க்காமல் விடுவது அதே அளவுக்குத் தவறானது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

2019–21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை கொண்டவர்கள். இந்திய அளவில் இது 24 விழுக்காடு. ஆகவே பிரசவத்துக்குப் பின் எடை கூடியிருப்பது ஒரு பெண்ணின் தனிப்பட்ட சோம்பலைக் காட்டும் அடையாளமன்று. இந்த மாநிலத்தில் ஐந்தில் இரண்டு பெண்களுக்கு உள்ள நிலை அது. அந்த நிலைக்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

முதலில் பழைய அட்டையைத் தேடி எடுங்கள்

எடைபார்க்கும் கருவியில் ஏறுவதற்கு முன், முதல் கர்ப்பத்தின்போது கொடுத்த தாய் சேய் நல அட்டையைத் தேடி எடுங்கள். முதல் பரிசோதனையின்போது உங்கள் எடை எவ்வளவு இருந்தது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். உயரமும் பெரும்பாலும் இருக்கும். எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் "சரியான எடை"யைவிட, உங்கள் உடல் ஏற்கெனவே ஒருமுறை கருத்தரித்தபோது இருந்த எடையே உங்களுக்குப் பொருத்தமான ஒப்பீடு.

பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீட்டெண்ணைக் கணக்கிட, கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 1.55ஐ 1.55ஆல் பெருக்கினால் 2.4 வரும். முதல் கர்ப்பத்துக்கு முன் அவர் 52 கிலோ இருந்திருந்தால் அன்றைய பி.எம்.ஐ. 21.6. இன்று 61 கிலோ என்றால் 25.4. அதாவது ஏறக்குறைய நான்கு புள்ளிகள் ஏறியிருக்கின்றன. இந்த உயரத்தில் ஒரு புள்ளி என்பது 2.4 கிலோ.

உலக அளவில் 25க்கு மேல் அதிக எடை என்றும் 30க்கு மேல் உடற்பருமன் என்றும் கொள்கிறார்கள். தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்வதாலும் சர்க்கரை நோய் சீக்கிரம் வருவதாலும், இந்திய மருத்துவர்கள் 23ஐ அதிக எடையின் தொடக்கமாகவும் 25ஐ உடற்பருமனின் தொடக்கமாகவும் கொள்கிறார்கள். 18.5க்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு. இதோடு தையல் நாடாவால் இடுப்புச் சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள். பெண்களுக்கு அது 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. பி.எம்.ஐ. சரியாக இருந்தும் வயிறு மட்டும் பெருத்திருந்தால் அதையும் கவனிக்க வேண்டும்.

இரண்டு கர்ப்பங்களுக்கு இடையில் ஏறிய எடைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பதற்குச் சுவீடன் நாட்டில் நடந்த ஓர் ஆய்வு நல்ல சான்று. 1992க்கும் 2001க்கும் இடையில் முதல் இரண்டு குழந்தைகளைப் பெற்ற ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை அது ஆராய்ந்தது. முடிவுகள் 2006ஆம் ஆண்டு வெளியாயின. இரு கர்ப்பங்களுக்கு இடையே பி.எம்.ஐ. 3 புள்ளிகளோ அதற்கு மேலோ ஏறிய பெண்களுக்கு, எடை பெரிதாக மாறாதவர்களோடு ஒப்பிடும்போது, இரண்டாவது கர்ப்பத்தில் சர்க்கரை வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. கர்ப்பகால உயர் இரத்த அழுத்தமும் குழந்தை வயிற்றிலேயே இறப்பதும்கூட அவர்களிடம் அதிகம். எடை ஏறிய பிறகும் உடற்பருமன் வரம்பைத் தொடாத பெண்களிடமும் இந்தப் போக்கு தென்பட்டது என்பதுதான் நாம் மனத்தில் கொள்ள வேண்டியது. "நான் ஒன்றும் குண்டாக இல்லையே" என்று நினைப்பவர்களும் அட்டையைத் தேட வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

எடை கருத்தரிப்பை எப்படித் தடுக்கிறது

கொழுப்புத் திசு உடலில் சும்மா சேர்ந்திருக்கும் சேமிப்பு மட்டுமன்று, அதுவும் ஹார்மோன்களை உண்டாக்குகிறது. வயிற்றுப் பகுதியில் கொழுப்பு கூடும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், அதை ஈடுகட்ட உடல் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்தன்மை ஹார்மோன்களை அதிகமாக்குகிறது. கூடவே, அந்த ஹார்மோன்களைக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைவாக உண்டாக்குவதற்கும் காரணமாகிறது. இதனால் கருமுட்டை முழுமையாக முதிர்வதும் உரிய நாளில் வெடித்து வெளிவருவதும் தடைப்படுகின்றன. மாதவிலக்கு 35 நாட்களுக்கு மேல் தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது, பின்கழுத்து கருத்துத் தடிப்பது ஆகியவை இதன் வெளி அடையாளங்கள். நீர்க்கட்டி என்று பொதுவாகச் சொல்லப்படும் பிசிஓஎஸ் முதல் குழந்தைக்கு முன் இலேசாக இருந்து, பிரசவத்துக்குப் பின் ஏறிய எடையால் வெளிப்படையாகத் தெரியத் தொடங்குவதும் உண்டு.

மாதவிலக்கு ஒழுங்காக வருகிறவர்களுக்கும் எடையின் தாக்கம் இல்லாமல் இல்லை. கருத்தரிக்கத் தாமதமானவர்களும் ஆனால் கருமுட்டை ஒழுங்காக வெளிவருகிறவர்களுமான மூவாயிரம் பெண்களிடம் நெதர்லாந்தில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், பி.எம்.ஐ. 29க்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் இயல்பாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்தது. இது கருத்தரிக்கவே முடியாது என்று அஞ்சும் அளவல்ல. காத்திருக்கும் மாதங்களைக் கூட்டும் அளவு.

எவ்வளவு குறைத்தால் போதும்

திருமணத்தின்போது இருந்த எடைக்குத் திரும்ப வேண்டும் என்று இலக்கு வைத்துப் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். அந்த அளவுக்குத் தேவையில்லை. அதிக எடையும் ஒழுங்கற்ற மாதவிலக்கும் உள்ள பெண்களில் பலருக்கு, இன்றைய எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே கருமுட்டை வெளிவருவது சீரடைகிறது. மேலே சொன்ன 61 கிலோப் பெண்ணுக்கு 5 விழுக்காடு என்பது 3 கிலோ. 10 விழுக்காடு குறைந்தால் 55 கிலோ, பி.எம்.ஐ. 23க்குச் சற்றுக் கீழே வந்துவிடும். வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை குறைவது பாதுகாப்பான வேகம். ஆகவே மூன்று முதல் ஆறு மாதங்களை இதற்காக ஒதுக்குவது நியாயமானது.

ஆனால் எடை குறைந்த பிறகுதான் முயல வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போடக் கூடாது. நெதர்லாந்தில் கருத்தரிக்கத் தாமதமான, பி.எம்.ஐ. 29க்கு மேலுள்ள 577 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஆறு மாத எடைக்குறைப்புப் பயிற்சிக்குப் பின் கருத்தரிப்புச் சிகிச்சையும், மற்றவர்களுக்கு உடனே சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான அதன் முடிவில், பயிற்சி பெற்றவர்களிடம் சிகிச்சையின்றி இயல்பாகக் கருத்தரித்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள். எனினும் இரண்டு ஆண்டு முடிவில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகளின் எண்ணிக்கை அவர்களிடம் கூடவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, 28 வயதுப் பெண்ணுக்குச் சொல்லும் அறிவுரையை 36 வயதுப் பெண்ணுக்குச் சொல்லக் கூடாது என்பதே. இளையவர் ஆறு மாதம் நிதானமாக எடையைக் குறைக்கலாம். 35ஐத் தாண்டியவர் எடையைக் குறைத்துக்கொண்டே மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும். "எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்ற ஒரே வரியோடு அவரைத் திருப்பி அனுப்பினால், வேறு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை.

இடைவெளியை வீணாக்காதீர்கள்

ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்கு முயலக் குறைந்தது 24 மாதங்கள் காத்திருக்க உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இந்திய அரசின் குடும்ப நலத் திட்டம் இரு குழந்தைகளுக்கு இடையே மூன்று ஆண்டு இடைவெளியை வலியுறுத்துகிறது. முதல் பிரசவம் சிசேரியனாக இருந்தால் தழும்பு நன்றாக ஆறவும் இந்த இடைவெளி தேவை. மேலே சொன்ன 2019–21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45 விழுக்காட்டுப் பிரசவங்கள் சிசேரியன் என்பதால் இது பலருக்கும் பொருந்தும். எடையைச் சரிசெய்யக் கிடைக்கும் காலமும் இதுதான்.

இந்தக் காலத்தில் கருத்தடை முறையைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். எடை குறையத் தொடங்கியதும் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவரலாம். ஆகவே தயாராகும் வரை பாதுகாப்பு வேண்டும். காப்பர்-டி எடையைப் பாதிப்பதில்லை, எடுத்ததும் கருத்தரிக்கும் தன்மை உடனே திரும்புகிறது. அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் ஊசி நல்ல பாதுகாப்பைத் தந்தாலும், சிலருக்கு எடையைக் கூட்டுகிறது. அதை நிறுத்திய பின் கருத்தரிக்கக் கடைசி ஊசியிலிருந்து பொதுவாக 7 முதல் 10 மாதங்கள் ஆகலாம். அடுத்த ஆண்டே குழந்தை வேண்டும் என்பவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

சாப்பாட்டில் எதை மாற்றுவது

பிரசவத்துக்குப் பின் எடை இறங்காமல் இருப்பதற்கு நம் வீடுகளில் ஒரு குறிப்பான காரணம் உண்டு. தாய்ப்பால் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 600 கிலோகலோரியும், அடுத்த ஆறு மாதங்களுக்கு 520 கிலோகலோரியும் கூடுதலாகத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கூறுகிறது. எனவே பிள்ளை பெற்றவள் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று நெய்யும் லேகியமும் பூண்டுக் குழம்பும் இரண்டு கரண்டிச் சோறும் கூடுதலாகப் பரிமாறப்படுவது அந்தக் காலத்துக்குச் சரியானதே. சிக்கல் எங்கே என்றால், குழந்தை பாலை மறந்த பிறகும் தட்டின் அளவு குறைவதில்லை. அதோடு குழந்தை மிச்சம் வைத்த இட்லியும் பருப்புச் சாதமும் வீணாகக் கூடாதென்று தாயின் வயிற்றுக்குள் போகின்றன. பால் மறக்கடித்த நாளிலிருந்து தட்டை மறுபடி அளந்து பார்ப்பதும், குழந்தைக்கு முதலில் சிறிதாக வைத்துக் கேட்டால் மறுபடி வைப்பதும் பல வீடுகளில் மிகப் பெரிய மாற்றத்தைத் தரும்.

மதியத் தட்டில் பாதியைக் காய்கறியும் கீரையும் நிரப்பட்டும். கால் பங்கில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்ற புரதமும், மீதிக் கால் பங்கில் மட்டும் சோறும் இருக்கட்டும். மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்கள் விலையும் குறைவு, சத்தும் அதிகம். குழம்பில் வேகவைத்து உண்பது வறுத்து உண்பதைவிட நல்லது. காலையில் நான்கு தோசைக்குப் பதில் இரண்டு தோசையும் ஒரு முட்டையும், அல்லது இரண்டு இட்லியும் காய் நிறைந்த சாம்பாரும் பசியை நெடுநேரம் தாங்கும். சோற்றை விட்டுவிட்டுச் சிறுதானியத்துக்கு மாறினால் எடை தானாகக் குறையும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றிலும் சமைக்காத 100 கிராமுக்கு அரிசியை ஒட்டிய கலோரிதான் இருக்கிறது. நார்ச்சத்து கூடுதலாக இருப்பதால் சீக்கிரம் வயிறு நிறையும் என்பதே அவற்றின் நன்மை. அளவு குறையாவிட்டால் எடையும் குறையாது.

டீ, காபியில் சேரும் சர்க்கரையைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. நாளுக்கு மூன்று டம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் அதிலேயே 120 கிலோகலோரி ஆகிவிடும். எண்ணெயை மாதத்துக்கு ஆளுக்கு அரை லிட்டர் என்று அளந்து வாங்கினால், எண்ணிப் பார்க்காமலே செலவு கட்டுக்குள் வரும்.

வாரத்துக்கு 150 நிமிட வேக நடை குறைந்த அளவு. அதைப் பிரித்துப் பிரித்து நடந்தாலும் பலன் உண்டு. சிறு குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக நடைப்பயிற்சிக்குப் போவது எளிதன்று. மாமியாரோ கணவரோ மாலையில் அரைமணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது இந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே பேசி முடிவு செய்யப்பட வேண்டும். தூக்கக் குறைவு பசியைக் கூட்டும் என்பதால் இரவில் குழந்தையைக் கவனிக்கும் பொறுப்பையும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

பட்டினி கிடப்பது, மாவுச்சத்தை முற்றிலும் ஒதுக்குவது, கொழுப்பைக் கரைப்பதாக விற்கப்படும் பொடிகளைக் குடிப்பது ஆகியவை வேண்டாம். கருவுற்றது தெரியாமலேயே முதல் சில வாரங்கள் கடந்துவிடும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகத் தொடங்கும் அந்த வாரங்களில் தாய் சத்தின்றி இருக்கக் கூடாது. முயலத் தொடங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் உடற்பருமன் மிகுந்தவர்களுக்கும் மருத்துவர் கூடுதல் அளவு தரக்கூடும்.

எடை குறைவாக இருப்பவர்களுக்கு

முதல் குழந்தைக்கு நெடுநாள் பால் கொடுத்து, வீட்டு வேலையும் வெளி வேலையும் சேர்ந்து இளைத்துப்போன பெண்களும் நம்மிடையே உண்டு. பி.எம்.ஐ. 18.5க்குக் கீழே இறங்கும்போது, உடலில் போதிய சேமிப்பு இல்லை என்று உணர்ந்து மூளை கருமுட்டையைத் தூண்டும் சைகைகளைக் குறைத்துவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போகும், சிலருக்கு நின்றே போகும். அந்த எடையோடு கருத்தரித்தால் குறைமாதத்தில் பிறப்பதற்கும் எடை குறைந்து பிறப்பதற்கும் வாய்ப்பு அதிகம். இவர்கள் வேளைக்கு வேளை சாப்பிடுவதோடு, இடையில் வேர்க்கடலை, எள்ளுருண்டை, பால், வாழைப்பழம், முட்டை ஆகியவற்றைச் சேர்த்து, இரண்டு மூன்று கிலோ ஏறியதும் மாதவிலக்கு சீராகிறதா என்று பார்க்க வேண்டும். காரணமின்றி எடை இறங்கிக்கொண்டே போனால் தைராய்டு, சர்க்கரை, காசநோய் ஆகியவற்றைச் சோதிப்பது அவசியம்.

மருந்துகள்

எடைக்குறைப்புக்காகப் போடப்படும் செமாக்ளூடைடு ஊசியைக் கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். எடைக்குறைப்புக்கான மற்றோர் ஊசியான டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும் என்பதால் அதைப் போடும் காலத்தில் ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பும் தேவை. எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் 12 முதல் 18 மாதங்கள் கழித்தே கருத்தரிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், எனாலபிரில் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்கள் முயலத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். தைராய்டு மாத்திரையை எக்காரணம் கொண்டும் தாமாக நிறுத்தக் கூடாது.

கணவரின் எடையும் கணக்கில் வரும்

முதல் குழந்தைக்குத் தந்தையானவர் என்பதால் ஆணிடம் குறை இருக்காது என்று நினைப்பது இரண்டாவது குழந்தையில் நாம் செய்யும் பெரும் பிழை. பி.எம்.ஐ. 30ஐத் தாண்டிய ஆண்களுக்கு விந்தணுக்களின் தரம் குறைய வாய்ப்பு உண்டு. சர்க்கரை நோயும் புகையும் மதுவும் அதை மேலும் பாதிக்கும். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதங்கள் ஆவதால், இன்று செய்யும் மாற்றம் மூன்று மாதம் கழித்தே தெரியும். ஆகவே சமையலறையில் செய்யும் மாற்றம் இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும். விந்துப் பரிசோதனை வலியற்றது, செலவு குறைந்தது. பெண்ணுக்கு ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது

முயலத் தொடங்கும் முன்பே இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை ஆகிய நான்கையும் சோதித்துவிடுங்கள். முதல் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுக்குப் பிரசவம் முடிந்து ஆறாவது வாரத்தில் மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி, ஆனால் குழந்தையைக் கவனிக்கும் அவசரத்தில் பலர் அதைத் தவறவிடுகிறார்கள். தவறவிட்டிருந்தால் இப்போது செய்யுங்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையோடு கருத்தரிப்பது குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும்.

மாதவிலக்கு வருவதற்கு ஏறக்குறைய 14 நாட்களுக்கு முன் கருமுட்டை வெளிவருகிறது. அந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் கருத்தரிக்க ஏற்றவை. அந்த நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் கூடினால் போதும். 35 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஓராண்டும், அதற்கு மேற்பட்டவர்கள் ஆறு மாதமும் முயன்று பலனில்லை என்றால் இருவருமாக மருத்துவரிடம் செல்ல வேண்டும். மாதவிலக்கே ஒழுங்கில்லை என்றாலோ, முதல் பிரசவத்துக்குப் பின் கடும் காய்ச்சலோ கருப்பைத் தொற்றோ வந்திருந்தாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம். அத்தகைய தொற்றால் ஏற்படக்கூடிய கருக்குழாய் அடைப்பை எடைக்குறைப்பால் நீக்க முடியாது.

கரு தங்கியது உறுதியானதும் எடைக்குறைப்பை நிறுத்திவிட்டு, சத்தான உணவையும் நடையையும் மட்டும் தொடருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோ பதிவு செய்யும்போது, கருத்தரிக்கும் முன் இருந்த எடையைச் செவிலியரிடம் சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையை முதல் வருகையிலேயே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அது 140ஐத் தொடாமல் இருந்தாலும் 24 முதல் 28ஆவது வாரத்துக்குள் மறுபடியும் செய்துகொள்ள வேண்டும்.